54 தூண்கள், 90 மீற்றர் சுவர்

ஒரு தூணின் எடை ஏறக்குறைய 3 தொன். தூண்கள் மொத்தம் 54. பெருக்கினால் 162 தொன். கட்டி முடிக்க எடுத்த காலம் 12 வருடம்: 1923இல் அத்திவாரக் கல், 1935இல் பிரதிஷ்டை. கண்டி டிரினிட்டி கல்லூரிச் சிற்றாலயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது இந்த எண்கள்தான். கட்டடக் கொந்தராத்துக்காரர்களுக்கு அளவு எடுத்து, மதிப்பீடு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. விபரம், அலகு, அளவு, வீதம், தொகை என்று ஐந்து கட்டம் போட்ட தாளில்தான் எந்தக் கட்டடமும் என் கண்ணுக்குத் தெரியும்.

நான் இருப்பது மஹய்யாவையில். நகரத்தைத் துப்புரவாக வைத்திருக்கும் மாநகர சபைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். கண்டியின் பெரிய மயானமும் இங்கேதான். ஏ9 வீதி எங்கள் ஊரைத் தாண்டித்தான் யாழ்ப்பாணத்துக்குப் போகிறது. அதே வீதியில் நகரத்தை நோக்கி இறங்கினால், பழைய திருகோணமலை வீதி, இப்போதைய டி.எஸ். சேனாநாயக்க வீதியில் டிரினிட்டியின் வாசல். மஹய்யாவைப் பிள்ளைகளுக்கு அது சுவருக்கு வெளியே நின்று பார்த்த பாடசாலை. நான் உள்ளே போனது பெரியவனான பிறகு, தொழில் காரணமாக. அன்றைக்கு அந்தச் சிற்றாலயத்தைப் பார்த்துவிட்டு வந்தவன், வீட்டில் ஒரு தாளை எடுத்து அதற்கு ஒரு மதிப்பீடு எழுதத் தொடங்கினேன். பிறகு பல தடவை அந்தத் தாளைத் திருத்தியிருக்கிறேன்.

முதல் தடுமாற்றம் முதல் பக்கத்திலேயே வந்தது. எந்த மண்டபத்துக்கு மதிப்பீடு எழுதினாலும் அத்திவாரத்துக்கு அடுத்த பெரிய தலைப்பு சுவர். செங்கல் எத்தனை, சாந்து எவ்வளவு, இரு புறமும் பூச்சு எத்தனை சதுர மீற்றர், கதவு நிலை, ஜன்னல் நிலை, கண்ணாடி, கம்பி, கொக்கி, வர்ணம். ஒன்பது அங்குலச் சுவர் பத்து மீற்றர் நீளத்துக்கு, மூன்று மீற்றர் உயரத்தில் எழுப்பினால் மூவாயிரம் கல்லுக்குக் குறையாது. பூச்சு 60 சதுர மீற்றர். இங்கே அந்தத் தலைப்பின் கீழ் எழுத ஏதுமில்லை என்றே சொல்லலாம். பக்கங்கள் திறந்த மண்டபம் இது. பீடத்தைச் சுற்றியும் இன்னும் சில இடங்களிலும் மட்டும்தான் சுவர். மற்றபடி தூண், அதன் மேல் உத்தரம், அதன் மேல் கூரை. காற்று ஒரு பக்கத்தால் வந்து மறு பக்கத்தால் போகும். பாட்டுப் பாடினால் வெளியே மரத்தடியில் நிற்பவனுக்கும் கேட்கும்.

சுவர் இல்லையென்றால் செலவு மிச்சம் என்றுதான் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அப்படி இல்லை.

கண்டிப் பக்கத்துக் கருங்கல் ஒரு கன மீற்றருக்கு 2,700 கிலோ அளவில் நிறுக்கும். மூன்று தொன் தூண் என்றால் 1.1 கன மீற்றர் கல். அடிக் கணக்கில் கிட்டத்தட்ட 40 கன அடி. ஒன்றரை அடிச் சதுரத்துக்கு வெட்டினால் 17 அடி நீளத்துக்கு வரும் கல் அது. ஐம்பத்துநான்கையும் சேர்த்தால் 60 கன மீற்றர். இந்த 60 கன மீற்றரை ஒன்பது அங்குலக் கனத்தில், மூன்று மீற்றர் உயரத்தில் பரப்பினால் எவ்வளவு நீளத்துக்குச் சுவர் வரும்? ஏறக்குறைய 90 மீற்றர். 30 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலமுள்ள ஒரு மண்டபத்தின் நான்கு பக்கத்தையும் சுற்றி அடைக்கிற சுவர். கருங்கல்லில் ஒன்பது அங்குலச் சுவர் எவரும் கட்டுவதில்லை. கன அளவை ஒப்பிடத்தான் இப்படிச் சொல்கிறேன். அந்த ஒப்பீடு என்னை உட்கார வைத்துவிட்டது. இங்கே சுவரை மிச்சம் பிடிக்கவில்லை. ஒரு மண்டபத்தின் சுவருக்குப் போதுமான கல்லை எடுத்து, அதை 54 இடங்களில் ஒடுக்கி நிறுத்தி, நடுவே காற்றை விட்டிருக்கிறார்கள். பொருளில் ஒரு சதமும் குறையவில்லை. வேலையோ பல மடங்கு கூடியிருக்கிறது.

கூடிய வேலை எவ்வளவு என்பதை அறிய, தூணை அது தாங்கும் பாரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஓடும் மரமுமாகச் சேர்ந்த கூரை ஒரு சதுர மீற்றருக்கு நூறு கிலோ என்று தாராளமாகவே வைப்போம். ஒரு தூணின் பங்குக்கு 20 சதுர மீற்றர் கூரை வருகிறது என்றும் தாராளமாகவே வைப்போம். ஆக 2 தொன். தாங்குகிற தூணோ 3 தொன்! தன் தலையில் ஏற்றிய சுமையைவிடத் தானே கனமான தூண். நல்ல கருங்கல் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் தாங்கக்கூடியது. அந்த ஒன்றரை அடிச் சதுரக் கல்லை நசுக்க வேண்டுமானால் 2,000 தொன் ஏற்ற வேண்டும். கேட்பது 2, கொடுக்கக்கூடியது 2,000. இன்றைக்கு எந்தப் பொறியியலாளரிடம் இந்தத் தூணைக் காட்டினாலும் சிவப்புப் பேனையால் அடித்துவிட்டு, பத்து அங்குலக் கொங்கிறீட் தூண் போதும் என்று எழுதுவார். அவர் சொல்வது பிழையுமில்லை.

ஆனால் இது பலத்துக்காக வைத்த தூண் இல்லை. கண்டிக்கு வருடத்தில் 1,800 மில்லிமீற்றர் அளவில் மழை. நூறு சதுர மீற்றர் கூரைமேல் ஒரு வருடத்தில் விழுவது 1,80,000 லீற்றர் தண்ணீர். சுவரில்லாத மண்டபத்தில் சாரல் நேரே தூணில்தான் அடிக்கும். மரத் தூணாக இருந்தால் அடியில் ஈரம் ஏறும். ஈரத்தைத் தேடிக் கறையான் ஏறும். கண்டி அரண்மனையின் மகுல் மடுவ, அதாவது அரச சபை மண்டபம், மரத் தூண்களால் ஆனது. 1783இல் இராஜாதி இராஜசிங்கன் காலத்தில் தொடங்கிய கட்டடம். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டதும் அங்கேதான். அதன் தூண்களைக் காப்பாற்ற எத்தனை தலைமுறை பாடுபட்டிருக்கிறது என்பது அந்த மண்டபத்தின் திருத்த வேலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிற்றாலயத்தை வரைந்தவர் அதே மண்டபத்தின் உருவத்தை எடுத்துக்கொண்டார், தூணை மட்டும் கல்லாக்கினார். பராமரிப்புக் கட்டத்தில் எழுத வேண்டியதை முதலிலேயே மூலதனக் கட்டத்தில் எழுதிவிட்டார் என்று என் பாஷையில் சொல்லலாம்.

வரைந்தவர் அருட்திரு எல்.ஜே. காஸ்டர். கல்லூரியின் உப அதிபர். கட்டடக் கலை தெரிந்த பாதிரியார். அவருக்கு மேலே அதிபராக இருந்தவர் ஏ.ஜி. பிரேசர், ஸ்கொட்லாந்துக்காரர். 1904இல் வந்தவர். கல்லூரி சர்ச் மிஷனரி சொசைட்டி என்கிற சி.எம்.எஸ். சங்கத்தினுடையது, 1872இல் றிச்சட் கொலின்ஸ் முதல் அதிபராக இருந்து தொடங்கியது. பிரேசர் வந்ததும் ஆங்கிலத்தில் மட்டுமே ஓடிக்கொண்டிருந்த பாடசாலைக்குள் சிங்களத்தையும் தமிழையும் கொண்டுவந்தார். தாய்மொழி தெரியாமல் வளரும் பையன் தன் மக்களுக்கு எப்படி உதவுவான் என்பது அவருடைய கேள்வி. சிற்றாலயத்தின் உருவமும் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் அரண்மனைக்குப் பக்கத்தில் புனித பவுல் ஆலயம் நிற்கிறது. 1840களில் கட்டியது, செங்கல், கூர்மாட வளைவு, இங்கிலாந்தின் ஏதாவது ஒரு ஊரிலிருந்து தூக்கி வைத்தது போல. அதே மாதிரி இன்னொன்றைக் கட்டுவது லேசு. வரைபடம் உண்டு, பழகிய மேசன் உண்டு, செங்கல் சூளை உண்டு. மலிவும் அதுதான். அதை விட்டுவிட்டு, பொலன்னறுவைக் கல்லையும் கண்டிக் கூரையையும் படித்துவிட்டு வந்து, 54 ஒற்றைக் கல் தூண் கேட்டார்கள்.

கல் எடுத்த இடம் அருப்பொல. நகரத்தின் கிழக்குப் பக்கம், மூன்று நான்கு கிலோமீற்றர். மூன்று தொன் என்பதை இன்றைய அளவில் சொன்னால் ஐம்பது கிலோ சீமெந்து மூட்டை அறுபது. அறுபது மூட்டையை அறுபது பேர் ஆளுக்கொன்றாகத் தூக்கிவிடலாம். முடியாவிட்டால் இருபது பேர் மூன்று நடை. கல் அப்படிப் பிரியாது. அறுபது ஆள் நிற்க அதைச் சுற்றி இடமும் கிடையாது. ஒரு தடவைக்கு ஒரு தூண் என்றும், வழி மூன்றே கிலோமீற்றர் என்றும் குறைத்துக் கணக்கிட்டாலும் போக 54, வர 54, ஆக 108 நடை, 324 கிலோமீற்றர். எங்கள் வாசலால் போகும் ஏ9 வீதி கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் 321. பாதி தூரம் வெறும் வண்டி, பாதி தூரம் மூன்று தொன் கல், கண்டியின் ஏற்ற இறக்கத்தில்.

கல்லைப் பற்றி எனக்கு உள்ள அறிவு புத்தக அறிவு இல்லை. என் பெரியப்பா மயானத்துக்குப் பக்கத்தில் கல்லறைக் கல் வெட்டினார். சின்ன வயதில் பாடசாலை விட்டதும் நேரே அவருடைய கொட்டகைக்குத்தான் போவேன். ஒரு கல்லைப் பிளப்பதற்கு அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. முதலில் கல்லைச் சுற்றி நடப்பார். கையை வைத்துத் தடவுவார். பிறகு கரித் துண்டால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஒரு சாணுக்கு ஒன்றாகக் குழி. குழியில் இரும்பு ஆப்பு. ஆப்புகளை வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே அளவு அடி. ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்திவிட்டு வெற்றிலை போடுவார். நான் பொறுமையில்லாமல் கேட்பேன். "அடிச்சிட்டேன்டா, இனி அதுதான் யோசிக்கணும்" என்பார். கொஞ்ச நேரத்தில் கல்லுக்குள்ளிருந்து, துணி கிழிவது போல மெல்லிய ஒரு சத்தம் வரும். கோட்டிலிருந்து ஒரு நூல்கூட விலகாமல் பிளந்திருக்கும்.

உளி மழுங்குவதுதான் பெரிய செலவு என்று அவர் சொல்லுவார். கல்லுக்குக் காசில்லை, கைக்குக் காசு, அதைவிட உளிக்குக் காசு. அரை நாள் கொத்தினால் முனை போய்விடும். மறுபடி உலையில் வைத்துத் தட்டி, தோய்ச்சல் கொடுக்க வேண்டும். தோய்ச்சல் கூடினால் முனை உடையும், குறைந்தால் மடங்கும். அவரிடம் எப்போதும் பத்துப் பன்னிரண்டு உளி வரிசையாக இருக்கும்; ஒரு பாதி கையில், ஒரு பாதி உலையில். ஐம்பத்துநான்கு தூணுக்கு எத்தனை ஆயிரம் தடவை உளி உலைக்குப் போயிருக்கும் என்பதை என் தாளில் எழுத ஒரு கட்டம்கூட இல்லை. உலை, கரி, துருத்தி, அதை ஊதுகிற பையன் எல்லாமே "கல் வேலை" என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

சேதாரமும் அப்படித்தான். நகைக் கடையில் சேதாரம் என்று சொல்லி வாங்குவார்களே, கல்லுக்கும் அது உண்டு. மூன்று தொன் தூண் நிற்கிறதென்றால் பாறையிலிருந்து பெயர்த்தது அதைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடியிருக்க வேண்டும். கொத்திக் கொட்டியது பாதிக்குப் பாதியாகவும் இருக்கலாம். ஐம்பது தொன்னுக்கு மேல் கல் சில்லாகவும் தூளாகவும் போயிருக்கும் என்று நான் எழுதியிருக்கிறேன். குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

இனிக் காலம். 12 வருடத்தை மாதமாக்கினால் 144. தூண் 54. வகுத்தால் ஒரு தூணுக்கு இரண்டு மாதமும் மூன்றில் இரண்டு பங்கும், எண்பது நாள். கட்டடத்தின் எல்லா வேலையும் சேர்ந்த சராசரிதான் இது என்றாலும், அந்த எண்பது என்னைப் பிடித்துக்கொண்டது. 1923இல் ஆறு வயதில் சேர்ந்த பையன் 1935இல் பதினெட்டு வயதில் வெளியே போகும்போதுதான் சிற்றாலயம் பிரதிஷ்டையாகிறது. தன் பாடசாலைக் காலம் முழுவதும் வேலை முடியாத ஒரு கட்டடத்தைப் பார்த்தபடியே படித்திருக்கிறான். கனவு கண்ட பிரேசர் முடிவைப் பார்க்க இங்கே இல்லை. கல் வைத்த மறு வருடமே, 1924இல், ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்டுக்கு அச்சிமோட்டாக் கல்லூரியை உருவாக்கப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த மக்லியோட் காம்பெல் 1935 வரை இருந்து முடித்துவைத்தார். நடுவே உலகப் பொருளாதார மந்தம். தேயிலை விலையும் இறப்பர் விலையும் விழுந்த வருடங்கள்.

இதே காலத்தில், உள்ளூர் உருவத்தில் ஆலயம் எழுப்பும் இதே யோசனை மற்ற இடங்களிலும் கல்லாகிக்கொண்டிருந்தது. இன்றைய தெலங்கானாவின் தோர்ணக்கலில் பேராயர் அசரியா, திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த தமிழர், கோயிலும் பள்ளிவாசலும் கலந்த உருவத்தில் ஒரு பேராலயம் எழுப்பினார். 1939 ஜனவரி 6ஆம் திகதி பிரதிஷ்டையாவதற்குக் கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு பிடித்தது. வட ஆற்காட்டுத் திருப்பத்தூரில் சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் பேட்டனும் 1921இல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஆலயம் திராவிடக் கோயிலின் சாயலில் நிற்கிறது. தோர்ணக்கலை வைத்துப் பார்த்தால் கண்டியின் 12 வருடம் நீளமே இல்லை.

அந்த எண்பது நாளுக்கு ஒரு கூலி போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்தக் காலத்துக்கு என்னிடம் உள்ள உறுதியான அளவுகோல் தோட்டத்துக் கூலி. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி, 1929 முதல் இந்தியத் தொழிலாளருக்கு நாள் கூலி நிர்ணயமானது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. நடுநாட்டில் ஆணுக்கு 52 சதம். தோட்டத்தில் கொடுத்த அரிசி ஒரு புசல் 6 ரூபாய் 40 சதம். அதாவது நடுநாட்டுக் கூலியில் ஒரு புசல் அரிசிக்குப் பன்னிரண்டு நாளுக்கு மேல் உழைக்க வேண்டும். பிறகு மந்த காலத்தில் இந்தக் கூலியையும் வெட்டினார்கள்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் "பேர்" என்று சொல்வோம். செக்ரோல் என்கிற வரவுப் பதிவேட்டில் பேர் விழுந்தால் கூலி, விழாவிட்டால் இல்லை. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். ஒரு தூணுக்கு நான்கு ஆள், எண்பது நாள் என்று வைக்கிறேன். இது என் மதிப்பீடு. 320 பேர். 52 சதப்படி 166 ரூபாய் 40 சதம். அரிசியாக்கினால் சரியாக 26 புசல். ஐம்பத்துநான்கு தூணுக்கு 8,985 ரூபாய் 60 சதம், அல்லது 1,404 புசல் அரிசி. கைதேர்ந்த கல் தச்சனுக்குத் தோட்டக் கூலியைவிடக் கூடுதலாகவே கிடைத்திருக்கும். இரண்டு மடங்கு என்று வைத்தாலும் ஒரு தூண் 52 புசல்தான். மூன்று தொன் கருங்கல்லை உருவமாக்கி நிமிர்த்துகிற உழைப்பு, எடைக்கு எடை, ஒன்றரைத் தொன் அரிசிக்குக் கொஞ்சம் மேல்.

இந்தக் கணக்கைத் தோட்டக் கூலியில் போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிரினிட்டியை நடத்திய அதே சி.எம்.எஸ். சங்கத்தின் துணையோடு 1854இல் இந்த மலைநாட்டில் இன்னொரு மிஷன் தொடங்கியது. திருநெல்வேலியில் ஊழியம் செய்த செப்டிமஸ் ஹொப்ஸ் பாதிரியார் அதற்குப் பொறுப்பாக வந்தார். உபதேசிமாரும் திருநெல்வேலியிலிருந்தே வந்தார்கள். கோப்பித் தோட்டம் தோட்டமாக நடந்து தமிழில் பிரசங்கித்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். அந்த மிஷனுக்கு வைத்த பெயர் "தமிழ் கூலி மிஷன்". எங்கள் பாட்டன்மார் வேதம் கேட்டதும் எழுத்துக் கற்றதும் அப்படி ஒரு பெயரின் கீழ்தான். அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. ஆனால் கண்டியின் சபைக் கணக்கு எழுதுகிறவர் எவரும் அந்த வரியை விட்டுவிட்டு எழுதக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

கல்லில் தமிழ்க் கை இந்தப் பக்கத்துக்குப் புதிதுமில்லை. கண்டிக்குப் பக்கத்துக் கடலாதெனிய விகாரை, 1344, முழுக்கக் கல். தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி, தென்னிந்தியர். பார்த்தால் விஜயநகரக் கோயில் ஒன்றின் முன் நிற்பது போல இருக்கும். அதே வருடத்து இலங்காதிலக்கவில் பாறையில் வெட்டிய சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் எம்பெக்கே தேவாலயம், அது மரம். அதன் மேளமண்டபத்தில் 514 செதுக்கல்கள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்களை ஒரே ஒரு மர ஆணி கோத்துப் பிடித்திருக்கிறது. மடொல் குருபாவ என்று சிங்களத்தில் பெயர். தூணின் தலையில் விரியும் தாமரைப் பலகையைச் சிங்களத்தில் பேகட என்பார்கள், நாம் போதிகை என்போம். கடலாதெனியவின் கல்லையும் எம்பெக்கேயின் மரத்தையும் பார்த்துவிட்டு டிரினிட்டிக்குள் நுழைந்தால் அங்கே எதுவும் அந்நியமாகத் தெரியாது. கீழே கல், மேலே மரம், அதற்கும் மேலே இரண்டு சரிவு விழும் கண்டிக் கூரை: உச்சியில் செங்குத்தாக இறங்கி, பாதியில் தாழ்ந்து, விளிம்பில் நன்றாக வெளியே நீண்டு. மழையைத் தூணிலிருந்து தள்ளி விடுவதற்கான நீட்சி அது. சுதந்திரம் கிடைத்த பிறகு கொழும்பில் கட்டிய சுதந்திர நினைவு மண்டபமும் இதே மகுல் மடுவவின் உருவம்தான்; அங்கே கொங்கிறீட். பாடசாலைச் சிற்றாலயம் அதற்குக் கிட்டத்தட்ட இருபது வருடம் முந்தியது.

சுவர் இருக்கிற சில இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தாளில் "பூச்சும் வர்ணமும்" என்ற தலைப்பில் வருவது அவைதான். அங்கே 4 சுவரோவியங்கள். தீட்டியவர் டேவிட் பெயின்டர், இதே கல்லூரியின் பழைய மாணவர். 1900இல் இந்தியாவின் அல்மோராவில் பிறந்தவர். தந்தை ஆங்கிலேய மிஷனரி, தாய் சிங்களப் பெண். லண்டன் றோயல் அகாடமியில் படித்துவிட்டுத் திரும்பி வந்து, தான் படித்த பாடசாலையின் சுவரில் தீட்டினார். உங்களால் கூடுமா என்று இயேசு கேட்கும் காட்சி, நல்ல சமாரியன், சீடரின் கால் கழுவுதல், சிலுவைப்பாடு. பொன்முடி, நீலக் கண் எதுவும் இல்லை. இந்த மண்ணின் முகங்கள், இந்த வெயில் பட்ட தோல். நிறைய வருடத்துக்குப் பிறகு 1968இல் கல்கிசை புனித தோமையார் கல்லூரிச் சிற்றாலயத்திலும் மறுரூபக் காட்சியைத் தாடியில்லாத கிறிஸ்துவாகத் தீட்டினார்.

கால் கழுவுகிற ஓவியத்தின் முன் நான் கொஞ்சம் அதிக நேரம் நின்றேன். குனிந்து இன்னொருவன் காலைத் தொட்டுக் கழுவுகிற வேலை என்னவென்று மஹய்யாவைக்காரனுக்கு விளக்கத் தேவையில்லை. விடிவதற்கு முன் எழுந்து ஊரின் அழுக்கைக் கழுவப் போகிறவர்களின் லயத்தில்தான் நான் வளர்ந்தேன். அந்த ஓவியத்துக்குச் சதுர மீற்றருக்கு இவ்வளவு என்று வீதம் எழுத என் கை போகவில்லை. அந்தக் கட்டம் இன்னும் வெற்றாகத்தான் இருக்கிறது.

இன்றைக்கு இதே கட்டடத்தைக் கட்டக் கேட்டால் என்ன செலவாகும் என்று நண்பர்கள் கேட்பார்கள். கூரை மரத்துக்கு வீதம் உண்டு, ஓட்டுக்கு வீதம் உண்டு, தரைக்கு உண்டு. மூன்று தொன் ஒற்றைக் கல் தூணுக்கு வீதம் சொல்லக்கூடிய ஆளைக் கண்டியில் நான் தேடியிருக்கிறேன். இயந்திரத்தில் அறுத்துத் தருகிறோம் என்கிறார்கள். பலகை பலகையாக அறுத்துக் கொங்கிறீட்டுக்கு மேல் ஒட்டித் தருகிறோம் என்கிறார்கள். பெரியப்பா போனபின் அவருடைய கொட்டகையை எடுத்து நடத்த எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. இப்போது கல்லறைக்குப் போடுவது கடையில் வாங்கும் மெருகுப் பலகை, எழுத்தையும் இயந்திரம்தான் வெட்டுகிறது.

அவர் கல் வாங்கும்போது முதலில் செய்வது ஒன்றுண்டு. சின்னச் சுத்தியலால் ஒரு முனையில் தட்டிவிட்டு மறு முனையில் காதை வைப்பார். உள்ளே கீறல் இருந்தால் சத்தம் செத்துப் போய் வரும். நல்ல கல் பாடும். பாடாத கல்லை, பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கமாட்டார். "பாரம் தாங்குமான்னு பாக்குறவன் மேசன். பாடுமான்னு பாக்குறவன்தான்டா கல் தச்சன்" என்பார். அருப்பொலவிலும் ஒருவர் அப்படிக் காதை வைத்திருப்பார். ஐம்பத்துநான்கு கல் பாடியிருக்கிறது. பாடாமல் பாறையிலேயே விடப்பட்டவை எத்தனையோ, சேதாரக் கட்டத்தில் அதற்காக ஒரு வரியை விட்டு வைத்திருக்கிறேன்.